வீட்டைப் பற்றி முதலில் கேட்டது நான்

செம்பனைத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு எழுதிக் கொடுத்த அவசரப் பாதுகாப்பு உத்தரவில் ஒரு விதியை நான் ஏன் சேர்க்கவில்லை என்று என் மேலதிகாரி ஒரு முறைதான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் இன்னும் போதவில்லை.

மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகு, போலீஸ் புகாரோ மாஜிஸ்திரேட்டோ இல்லாமலேயே என்னைப் போன்ற சமூக நல அதிகாரி இந்த உத்தரவை வழங்கலாம். அதன் ஆயுள் 7 நாள். கணவன் மனைவியை அடிக்கக்கூடாது, பிறரை ஏவியும் அடிக்கக்கூடாது என்று அதில் எழுதலாம். இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அவன் நுழையக்கூடாது என்றும் எழுதலாம். நான் எழுதாமல் விட்டது இந்தக் கடைசி விதியைத்தான்.

அந்தப் பெண் வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். உதிரிப் பழம் பொறுக்கும் விரல்களில் செம்பனை முள் ஏறிய கறுப்புப் புள்ளிகள். மணிக்கட்டுக்கு மேலே வேறு நிறம். நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள், அழவில்லை. நான் மலாய்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "லயத்து வீடுதானேம்மா, அவர் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டேன். அதுவரை அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

சற்று நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர வீட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு எழுதினா மண்டோர் காதுக்குப் போகும் மேடம். கோவத்துல வேலைய விட்டுட்டாருன்னா வீடும் போயிருமே. அடிக்கக்கூடாதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். மண்டோர், தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். பையன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான், நடுவில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்டாள். அவள் கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரியிடம் நான் சொன்னது இதுதான்: பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை மீறி எழுதுவது பாதுகாப்பு ஆகாது. அதை இப்போதும் நம்புகிறேன். 1996இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, வீடு கணவனுக்கே சொந்தமானாலும், அவன் பெயரிலேயே வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தாலும், அவனை வெளியேற்றி மனைவியை அங்கே இருக்க விடும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். நல்ல விதிதான். ஆனால் லயத்து வீடு சொந்த வீடும் அல்ல, சாதாரண வாடகை வீடும் அல்ல. நிர்வாகம் வேலைக்காகக் கொடுத்தது, வேலை போனால் திரும்பிப் போவது. பழம் வெட்டுகிறவனுக்கு அந்த வீடு உண்டு. குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்குப் போகும் மனைவிக்கு அவள் பெயரில் எதுவும் கிடையாது. சட்டம் எழுதியவர்களின் மனத்தில் தாமான் வீடு, அதாவது தோட்டத்துக்கு வெளியே உள்ள குடியிருப்புப் பகுதி வீடு, இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே நான் கேட்ட கேள்வி அவசியமானது. அதைக் கேட்காமல் உத்தரவு எழுதுவதுதான் பொறுப்பற்ற செயல்.

இவ்வளவையும் சொல்லிக்கொண்ட பிறகுதான் மற்றது தொடங்குகிறது. அது அவளுடைய விருப்பம்தானா, அல்லது என் கேள்விக்குக் கிடைத்த பதிலா? லயத்தில் குடியிருப்பவளுக்கு வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லைதான். இருந்தாலும் அன்று பயத்தைவிட வலி பெரிதாக இருந்ததால்தான் அவள் பஸ் ஏறி வந்திருந்தாள். அந்தப் பயத்தை மேசைமேல் எடுத்து வைத்தது நான். நானும் லயத்தில் பிறந்தவள். அப்பாவின் வேலை முடிந்தபோது வீட்டைக் காலி செய்து சாமான்களை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவள். அந்தக் கேள்வியை அவளுக்காகத்தான் கேட்டேனா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உத்தரவு காலாவதியான பிறகு தொலைபேசியில் அழைத்தேன். போலீசில் புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம் என்று மறுபடியும் விளக்கினேன். "இப்ப பரவால்ல மேடம்" என்றாள். பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது, தொலைக்காட்சியாகவும் இருக்கலாம். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை மட்டும் திரும்பச் சொல்லி வைத்தேன்.

அதன்பின் புதிதாக வந்த அதிகாரிகளுக்கு நான் சொல்லித்தருவது: முதலில் அவள் என்ன வேண்டுமென்கிறாளோ அதை எழுதுங்கள், வீட்டைப் பற்றிக் கடைசியில் பேசுங்கள். நானும் அப்படித்தான் செய்துவருகிறேன். அண்மையில் வேறொரு தோட்டத்துப் பெண்ணுக்கு எல்லா விதிகளையும் எழுதி வாசித்துக் காட்டிவிட்டு, இதனால் வீட்டுக்கு என்ன நேரலாம் என்று சொன்னேன். "இத ஏங்க்கா மொதல்லயே சொல்லல?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். நியாயமான கோபம். படிவத்தை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எழுதியது இருக்கட்டும் என்றாள். அவளுக்குத் தாமானில் அண்ணன் வீடு இருந்தது. ஓர் அறையும் காலியாக இருந்தது. ஆகவே அவளை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது.