ஜெரிட் ஸ்மித் பக்கத்தில் நான் எடுத்த வரி

இடம் இல்லை என்றுதான் சொன்னேன். சிறுவர் புத்தகத்தில் பக்கத்துக்கு 200 சொல், அதற்கு மேல் போனால் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும் என்பது அதை எழுதிய பெண்ணுக்கும் தெரியும். அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காக உழைத்த ஜெரிட் ஸ்மித் பற்றி அவள் அனுப்பியது 228 சொல். 28 சொல்லை எடுக்க வேண்டும், எடுத்தேன். மாலையில் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, ஜான் பிரவுன் வரியை ஏன் எடுத்தீங்க?”

“இடம் இல்லம்மா.”

“அதிபர் தேர்தல்ல மூணு தடவை நின்னார்னு ஒரு வரி இருக்கே, அதை எடுத்திருக்கலாமே?”

“சின்னப் பசங்க படிக்கிற புத்தகம். கடைசியில அதுதான் மனசுல நிக்கும்.”

“நிக்கட்டுமே அக்கா.”

அவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அந்த “நிக்கட்டுமே” காதில் இருக்கிறது. ஒரே நிமிடத்தில் நான் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறேன். முதல் காரணம் உண்மையாக இருந்திருந்தால் இரண்டாவது எதற்கு?

எடுத்த வரி இதுதான்: “1859இல் ஜான் பிரவுனின் தாக்குதலுக்குப் பணம் தந்திருந்தும், பின்னர் தனக்கு அந்தத் திட்டம் தெரியாது என ஸ்மித் மறுத்தார்.” 14 சொல். நான் பல முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஸ்மித்தைப் பிடித்துப்போயிருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் பீட்டர்பரோ என்கிற சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்னச் செங்கல் கட்டடத்தில் நில அலுவலகம் வைத்து, பெரும் நிலச் சொத்தை நிர்வகித்த மனிதர். கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்று 1821 முதல் அந்த மாநிலத்தில் விதி இருந்தது, வெள்ளையர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் இவர்களுக்கு நீங்கவில்லை. ஸ்மித் 1846இல் 1,20,000 ஏக்கரை எடுத்து, 3,000 கறுப்பின ஆண்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் வீதம் தருவதாக அறிவித்தார். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு, தன் பெயரில் இருக்கும் பட்டாவை எழுதிக்கொடுப்பவர் எத்தனை பேர்? அந்த நிலம் இருந்த அடிரோண்டாக் மலைப்பக்கம் குளிர் கடுமை, மண் லேசில் விளையாது, போய்க் குடியேறி நிலைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இருந்தாலும் கொடுத்தார். அந்தக் குடியேறிகளுக்கு உதவத்தான், அடிமை ஒழிப்புக்காரரான ஜான் பிரவுன் ஏக்கர் ஒரு டாலருக்கு ஸ்மித்திடம் நிலம் வாங்கிக்கொண்டு அங்கிருந்த நார்த் எல்பாவுக்குக் குடும்பத்தோடு போனார்.

அப்புறம், அடிமைகளை விடுவிக்கப் பிரவுன் ஆட்களோடு போய்த் தாக்கிய ஹார்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதக் கிடங்கு. பிரவுனுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த ஆறு பேரில் ஸ்மித்தும் ஒருவர். 1859 அக்டோபரில் தாக்குதல் தோற்றது, நவம்பரில் ஸ்மித் மனம் கலங்கி யூட்டிகா மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், டிசம்பர் 2ஆம் தேதி பிரவுனைத் தூக்கிலிட்டபோது அங்கேதான் இருந்தார். அது உண்மையான நோய் என்பவர்களும் உண்டு, தப்பிக்க ஒரு வழி என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. 62 வயதில் ஒரு மனிதன் உடைந்துபோனதைப் பத்து வயதுக் குழந்தையிடம் ஒற்றை வரியில் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

ஆனால் அவள் எழுதிய வரியில் மருத்துவமனையே இல்லை. இப்போதுதான் கவனிக்கிறேன். அவள் எழுதியது மறுப்பைப் பற்றி, அதுவும் உடம்பு தேறி, உள்நாட்டுப் போரெல்லாம் முடிந்து, பயப்பட எதுவும் மிச்சமில்லாத காலத்திலும் அவர் சொன்ன மறுப்பைப் பற்றி. அந்தத் தாக்குதலுக்காகப் பிரவுனோடு சேர்த்து ஏழு பேர் தூக்கில் தொங்கினார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஷீல்ட்ஸ் கிரீனும் அவர்களில் ஒருவர். அவர்கள் யாருக்கும் “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் வசதி இருக்கவில்லை.

சரி, ஸ்மித் கோழையும் இல்லையே. அந்தப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்கு 1867இல் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் உண்டு. அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அந்தக் கையெழுத்தைப் போட எவ்வளவு தைரியம் வேண்டும்? இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அப்போ அதையும் எழுதுவோமே என்றிருப்பாள், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அவள் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டாள். மறுபதிப்புக்கான கோப்பு போன வாரம் என்னிடம் வந்தது. தேர்தல் வரியை எடுத்துவிட்டு ஜான் பிரவுன் வரியைத் திரும்பப் போடலாம் என்று அவள் அனுப்பிய பழைய மின்னஞ்சலைத் திறந்தேன். அச்சான 200 சொல்லோடு அந்த 14 சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் 214தான் வருகிறது. 28 எடுத்தேனே, மீதி 14 எங்கே என்று மேலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது பத்தியில் இருந்தது: “பீட்டர்பரோ ஊர், அவர் தந்தை பீட்டர் 1790களில் ஒனைடா பழங்குடி மக்களிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அமைந்தது.”

அதையும் நான்தான் எடுத்திருக்கிறேன். எடுத்ததே நினைவில் இல்லை. அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.