ஆக்ஸில் கோட்டிலிருந்து: ஒரு இன்ஜின் மாற்றத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 8

சுபாரு இன்ஜினை நடு இன்ஜின் காரில், அதாவது சீட்டுக்குப் பின்னால், பின்அச்சுக்கு முன்னால் ஏற்றுகிறேன். இன்ஜின் எங்கே உட்காரும் என்று பார்த்து மவுண்ட் வெல்டு பண்ணுகிறவர்கள் கடைசியில் ஆக்ஸிலோடு மல்லுக்கட்டுவார்கள். கணக்கு பின்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். சேஸிஸ் ஓடும் உயரத்தில் ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. இரண்டு ஹப் மையத்துக்கும் குறுக்கே நேர்க்கம்பி கட்டியாயிற்று. டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப், சக்தியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுப்பது) வெளியீட்டின் மையம் இந்தக் கம்பிக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு நல்லது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சுபாரு இ.ஜே. 20 எடுத்ததற்குக் காரணமும் இதுதான். அந்தக் காரில் இன்ஜின் முன்அச்சுக்கு முன்னால், கியர் பெட்டி பின்னால். அதே வரிசையில் அப்படியே தூக்கி நடு இன்ஜின் காரின் பின்னால் வைக்கலாம், கியர்கள் சரியான திசையில் ஓடும். கழற்றிப் போட்ட பீட்டில் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதில் இன்ஜின் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் உள்ளே கிரவுன் வீலை, அதாவது டிஃபின் பெரிய பல்சக்கரத்தை, மறுபக்கம் மாற்றிப் போட வேண்டும், மறந்தால் நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு.

பிப்ரவரி 11

கியர் பெட்டியின் சென்டர் டிஃபுக்குப் பதிலாகப் போட வேண்டிய ஸ்பூல் வரவில்லை.

பிப்ரவரி 15

இன்ஜின் வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டியதெல்லாம் இன்று. காருக்குள் போனபின் இதன் முன்பக்கம் சீட் தடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பெல்ட் மாற்ற மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

டைமிங் பெல்ட், எல்லா ஐட்லர்களும், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் முன் சீல். ஆயில் பம்பைக் கழற்றிப் பின்தகட்டு ஸ்க்ரூக்களைப் பார்த்தே ஆக வேண்டும். அவை தானாகத் தளரும், தளர்ந்தால் அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசியும். த்ரெட்லாக் போட்டு இறுக்கியாயிற்று. பிளாக்கின் பின்பக்க ஆயில் செபரேட்டர் மூடி பிளாஸ்டிக்கில் இருந்தது. வளைந்து ஒழுகுகிற சாமான், இப்போது இரும்புத் தகடு. பின் மெயின் சீல் காய்ந்துதான் இருந்தது, அதைத் தொடவில்லை. ஒழுகாத சீலை நோண்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கிராங்க் ஸ்ப்ராக்கெட் முகத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது டைமிங் குறி இல்லை. குறி பின்னால், சென்ஸார் பற்களில் ஒன்றின்மேல் சின்னக் கோடாக இருக்கிறது. அம்பை நம்பிப் பெல்ட் போட்டு வால்வை வளைத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். டென்ஷனரை வைஸில் நிமிர்த்தி வைத்து மெதுவாக, மிக மெதுவாக அமுக்கி, பூட்டும் ஊசியைச் செருக வேண்டும். அவசரப்பட்டால் உள்சீல் போய்விடும்.

பிப்ரவரி 16

ஹீட்டர் இல்லாத காரில் ஹீட்டர் குழாய்களை என்ன செய்வது? அடைத்துவிடு என்கிறார்கள் எல்லோரும். எனக்கு ஒப்பவில்லை.

பிப்ரவரி 22

ஸ்பூல் வந்துவிட்டது.

நாலு சக்கர ஓட்டத்தை இரண்டாகக் குறைக்கப் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் போதும் என்று நினைக்கக் கூடாது. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் சென்டர் டிஃப் அதை எளிதான பக்கம்தான் அனுப்பும். பின்வெளியீடு சும்மா சுற்றும், கார் நகராது, அந்த டிஃபோடு இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் வெந்துபோகும். டிஃபை எடுத்துவிட்டு ஸ்பூல் போட்டால், உட்குழிந்த டிரிவன் ஷாஃப்டும் அதன் நடுவே ஓடும் பினியன் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். டிரான்ஸ்பர் கியர்கள் வெளியே, பின்வாய்க்கு மூடித்தகடு.

இந்தப் பெட்டியில் ஹை, லோ என்று இரண்டு கியர் வரிசை உண்டு, பிரிட்டனில் விற்ற டர்போ இல்லாத கார்களில் சகஜம். லிவரை ஹையில் வைத்துத் தகடு போட்டுப் பூட்டியாயிற்று. கேபிள் இல்லாமல் விட்டால் ஒருநாள் நடுவில் நழுவும்.

டிஃபின் இரு பக்கமும் உள்ள திருகு ரீட்டெய்னர்களை ஒரு பல்கூடத் திருப்பவில்லை. பேரிங் இறுக்கமும் பேக்லாஷும் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) அவற்றில்தான் இருக்கின்றன. ஓ-ரிங் மாற்றியே ஆக வேண்டுமென்றால் குறி போட்டு, கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, அதே இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஃபைனல் டிரைவ் 37க்கு 9, அதாவது 4.11. இலகுவான காருக்குக் கொஞ்சம் குட்டையான கியர்தான். இருக்கட்டும்.

மார்ச் 1

ப்ளைவீல் போல்ட் 72 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக. கிளட்ச் கவர் 15.7 மட்டும். சின்ன எண்தான், மணிக்கட்டுக்கு அது புரியாது, டார்க் ரெஞ்ச் எடுக்க வேண்டும். புதுப் பைலட் பேரிங். டிஸ்க்கை அலைனிங் டூலால் மையப்படுத்தியாயிற்று.

பெட்டியும் இன்ஜினும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும். கடைசி 10 மில்லிமீட்டர் இடைவெளி நின்றால் டிஸ்க் மையத்தில் இல்லை, இல்லையென்றால் ஸ்ப்ளைன் பல்மேல் பல் நிற்கிறது. பெட்டியைக் கியரில் போட்டு வெளியீட்டைக் கொஞ்சம் சுற்றினால் நழுவி உள்ளே போகும். போல்டால் இழுத்து மூடுகிறவர்கள் டிஸ்க்கின் ஹப்பை வளைக்கிறார்கள், அல்லது பெல் ஹவுசிங் காதை உடைக்கிறார்கள்.

மூடியது. 50 நியூட்டன் மீட்டர்.

மார்ச் 2

டர்போ பெட்டியாக இருந்திருந்தால் இழுக்கும் வகைக் கிளட்ச், ஃபோர்க் ஷாஃப்டை உருவாமல் பிரிக்கவே முடியாது. இது தள்ளும் வகை. ஒரு தலைவலி குறைவு.

மார்ச் 9

சிலிண்டர்கள் படுத்திருக்கும் தட்டை இன்ஜின் தாழ உட்காரும் என்பது பாதி உண்மை. எக்ஸாஸ்ட் துளைகள் கீழ்நோக்கி இருக்கின்றன, அடியில் குழாய்க்கு இடம் வேண்டும். தரையிலிருந்து குழாய்க்கு 120 மில்லிமீட்டர் வைத்தால் டிஃப் மையம் கம்பிக்கு மேலே 35 மில்லிமீட்டர் ஏறிவிடுகிறது. சம்பை, அதாவது அடி எண்ணெய்த் தொட்டியை, வெட்டி உயரம் குறைக்கலாம். ஆனால் எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் அதே அளவு குறைத்து, அடித்தட்டுக்கு இருந்த பழைய இடைவெளியை அப்படியே காப்பாற்ற வேண்டும், தடுப்புத் தகடுகளும் வேண்டும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிப் பிக்கப் காற்றைக் குடித்தால் முதலில் போவது பேரிங். எக்ஸாஸ்டைத் தட்டையாக மடிக்கிறேன், சம்பை விட்டுவிடுகிறேன்.

மார்ச் 15

ஸ்ப்ரிங் இல்லாமல் சக்கரத்தை மேலும் கீழும் முழுத்தூரம் அசைத்து அளந்தேன். ஆக்ஸில் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் இரு எல்லையிலும் 10 மில்லிமீட்டராவது மிச்சம் வைக்க வேண்டும், முட்டினால் டிஃப் பேரிங்கைத் தள்ளும். உள்பக்கம் 25 ஸ்ப்ளைன், வெளிப்பக்கம் வேறு காரின் ஹப். ஆகவே புது ஷாஃப்ட். இரண்டை வெட்டி ஒட்டவைப்பதில்லை, வெல்டின் ஓரத்தில் சூடேறிய இடம் முறியும்.

ஜாயிண்டைப் பூட்டும் ரோல் பின்னுக்கான துளை ஒரு பக்கம்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் ஒரு ஸ்ப்ளைன் தள்ளிப் பார்க்காதீர்கள், 180 டிகிரி திருப்புங்கள்.

மார்ச் 22

கியர் கம்பி பெட்டியின் பின்முனையில் வெளிவருகிறது, ஓட்டுகிறவர் இன்ஜினுக்கு முன்னால். தள்ளுவதற்கு ஒரு கேபிள், சுழற்றுவதற்கு ஒரு கேபிள். திசை தலைகீழ், முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வருகிறது. திசை மாற்றும் நெம்பான பெல்க்ராங்க் ஒன்று போட்டுத் திருப்பியாயிற்று. பிராக்கெட்டைப் பெட்டியிலேயே மாட்ட வேண்டும், சேஸிஸில் மாட்டினால் இன்ஜின் ரப்பர் மவுண்டில் அசையும்போதெல்லாம் கியர் கழன்று விழும்.

மார்ச் 30

தண்ணீர். வாரக்கணக்கில் இதுதான் மண்டைக்குள்.

இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் கீழே, பம்பின் உறிஞ்சும் வாயில் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குளிர்ந்த தண்ணீர் அதன் ஒரு பக்கம். மறுபக்கம் சூட்டைக் கொண்டுவந்து காட்டுவது ஹீட்டர் சுற்று. அதை அடைத்துவிட்டால் இன்ஜின் கொதித்தாலும் தெர்மோஸ்டாட்டுக்குச் சேதி போகாது, மூடியே கிடக்கும். ஆகவே இரண்டு ஹீட்டர் முனைகளையும் ஒரே ஹோஸால் சேர்த்துவிட வேண்டும், வால்வு வேண்டாம். தெர்மோஸ்டாட் ஒரிஜினலே, 78 டிகிரியை ஒட்டித் திறப்பது. வெளிச்சந்தையில் வருவதன் வால்வு சின்னது.

ரேடியேட்டர் முன்னால். 35 மில்லிமீட்டர் உள்விட்ட அலுமினியக் குழாய், 3 மீட்டர் நீளத்துக்கு 2.9 லிட்டர் பிடிக்கும், போக வர இரண்டு. முனைகளில் மேடு உருட்டியாயிற்று, இல்லாவிட்டால் ஹோஸ் சூட்டில் வழுக்கிக் கழன்றுவிடும். குழாய் நடுவில் எங்கும் திமில் கூடாது, அங்கே காற்று குந்திக்கொள்ளும். ரேடியேட்டர் மேல்மூலையில் ப்ளீட் ஸ்க்ரூ, இன்ஜின் மேல் குறுக்குக் குழாயிலிருந்து எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு மெல்லிய வரி. எல்லாவற்றையும்விட உயரத்தில் டேங்க்.

ஏப்ரல் 5

பெட்டிக்கு ஜி.எல். 5 தர கியர் எண்ணெய், 75டபிள்யூ-90. ஹைப்பாய்ட் டிஃபும் அதே எண்ணெயில்தான், ஜி.எல். 4 போதாது. காயில், இன்ஜெக்டர் இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். எரிபொருள் 3 பார், பழைய கார்புரேட்டர் ஹோஸ் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

ஓடியது!

ஏப்ரல் 6

தண்ணீர்ச் சூட்டு முள் 90க்குப் போய் நிற்காமல் ஏறியது, உடனே நிறுத்தினேன். இன்ஜின் சுடுகிறது, ரேடியேட்டர் சில்லென்று. ஹீட்டர் ஹோஸ் சூடு, ஆக தெர்மோஸ்டாட்டுக்குச் சேதி போகிறது. மீதி காற்றுதான். ஆறவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, மேல் ஹோஸைப் பிசைந்தபடி நிரப்பினேன். குமிழி வந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் 7

ஃபேன் 95ல் தானாக ஓடி, தானாக நின்றது.

ஏப்ரல் 13

தனியாகக் கட்டிய காரைச் சாலையில் விடப் பிரிட்டனில் தேவைப்படும் ஐ.வி.ஏ. சோதனைக்குத் தேதி வரவில்லை. ஒலி வரம்பு 99 டெசிபெல், அதிகபட்ச சக்தி வரும் வேகத்தின் முக்கால் பங்கில். 5,600 என்றால் 4,200ல். புகை வரம்பு இன்ஜினின் வயதைப் பொறுத்தது, இன்ஜின் கொடுத்த காரின் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். சைலன்ஸரைத் திறந்து பஞ்சைப் புதிதாகச் சுற்றுகிறேன். வலது உள் ஜாயிண்ட்டின் ரப்பர் உறையில் கிரீஸ் கசிவு போலத் தெரிகிறது, கிளிப்பா, உறையா, நாளை காலை