ஹன்சார்டில் வரி மனுக்களைத் தேடிய மூன்று மாதங்கள்

பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, இரவில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு. கடைசி ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது, 1816-ல் பிரிட்டிஷ் மக்கள் மனு மேல் மனுவாகப் போட்டு வருமான வரியை ஒழித்த கதை. லண்டனுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த கணினியிலேயே முடித்தேன். 1803 முதலான நாடாளுமன்ற விவாதத் தொகுதிகள், அதாவது ஹன்சார்ட், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு நான் தடுக்கி விழுந்த இடங்கள் தெரிந்திருந்தால் நல்லது.

முதல் தடுக்கல் பெயரிலேயே வந்தது. வருமான வரி என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினேன். 1816-க்கு எனக்கு வேண்டியது எதுவும் சரியாக அகப்படவில்லை. இரண்டு இரவுகள் வீணான பிறகுதான் புரிந்தது: சபையில் அப்போது அதைச் சொத்து வரி என்றே பேசினார்கள். 1799-ல் பிரதமர் பிட் கொண்டுவந்து, 1802-ல் அவருக்குப் பின் பிரதமரான அடிங்டன் நீக்கி, அடுத்த வருடமே போர் மூண்டதும் அவரே மறுபடி போட்ட அதே வரிதான். 1806 முதல் பவுனுக்கு 2 ஷில்லிங், அதாவது 10 சதவீதம். நெப்போலியனுடனான போர் முடிந்ததும் வரி போய்விடும் என்று ஊரே நம்பியிருந்தது. நிதியமைச்சர் வான்சிட்டார்ட் அதைப் பாதியாக்கி, 5 சதவீதமாகத் தொடர முயன்றார். சொல்லை மாற்றித் தேடியதும் பக்கம் பக்கமாக மனுக்கள் வந்து விழுந்தன.

அடுத்தது எண்கள். அந்தக் காலத்தில் பவுன் தொகையை அச்சிடும்போது எண்ணுக்குப் பின்னால் சிறிய ஆங்கில எழுத்து 'எல்' போடுவார்கள். பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் மென்பொருள் அதை 1 என்று படித்துவிடுகிறது. 500 பவுன் என்பது 5001 என்று நிற்கும். இரண்டு பக்கம் குறிப்பெடுத்த பிறகு, வரிசையாக எல்லாத் தொகையும் 1-ல் முடிவதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. அப்புறம் பக்கத்தின் படத்தோடு ஒப்பிடாமல் ஒரு தொகையைக்கூட எடுக்கவில்லை.

என்னை அதிக நாள் தவறான பாதையில் வைத்திருந்தது ஒரே ஒரு வாசகம். ஏறக்குறைய ஒவ்வொரு மனுவின் முடிவிலும் 'மேசைமேல் கிடக்கட்டும் என ஆணையிடப்பட்டது' என்று வருகிறது. நம் காதுக்கு அது கிடப்பில் போட்டதாகத்தான் கேட்கும். அப்படியே நினைத்து, மனுக்களைச் சபை மதிக்கவில்லை என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். உண்மை நேர்மாறானது. மனு முறைப்படி ஏற்கப்பட்டது, உறுப்பினர்கள் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அங்கே வந்து சேர மனு மூன்று படி தாண்ட வேண்டும். உள்ளே கொண்டுவர அனுமதி கேட்க வேண்டும், பிறகு அதைப் படிக்கச் சொல்ல வேண்டும், பிறகு மேசைமேல் வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனித் தீர்மானம். ஒவ்வொன்றின் மேலும் உறுப்பினர்கள் எழுந்து பேசலாம்.

இது புரிந்த பிறகு விவாதங்களைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். வரியை எதிர்த்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஹென்றி பிரௌமும் அவர் பக்கத்து உறுப்பினர்களும் என்ன செய்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆண்டின் வரி மசோதாவை எதிர்த்து வரும் மனுவைச் சபை வாங்காது என்பது அன்றைய வழக்கம். 1842 வரை அப்படித்தான் இருந்தது. ஆகவே மசோதா வருவதற்கு முன்பே மனுக்கள் வந்தாக வேண்டும். நாள்தோறும் ஊர் ஊராக மனுக்களைக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொன்றின் மேலும் பேசினார்கள். வாரக்கணக்கில் இது நடந்தது. ஒரு சிறு ஊரின் மனு தனியாகப் பார்த்தால் அரைப் பத்திதான். ஆனால் அந்த அரைப் பத்திகள்தான் அரசாங்கத்தின் நாட்களைத் தின்றன.

மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் குறை, வரியின் அளவு மட்டும் அல்ல. வியாபாரி தன் லாபத்தை ஆணையர்களிடம் திறந்து காட்ட வேண்டியிருந்தது. கடனில் தள்ளாடுகிற கடைக்காரருக்கு அந்தச் செய்தி வெளியே கசிந்தால் நாணயமே போய்விடும். கணக்கு நோட்டைக் கொடுக்கும்போது கை தயங்குகிற வாடிக்கையாளர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

மனுக்களின் அசல் தாள்களையும் தேடினேன். கையெழுத்துகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கீழவையின் பழைய ஆவணங்கள் 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத் தீவிபத்தில் எரிந்துபோயின. கருவூலத்தின் பழைய கணக்குக் குச்சிகளை, வரி வரவுக்கு வெட்டுப்போட்டு வைத்த மரக்குச்சிகளை, மேலவைக்கு அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்ததில் பற்றிய தீ அது. இதைப் படித்த இரவு மேற்கொண்டு வேலை ஓடவில்லை. மிஞ்சியது அச்சான கீழவை நடவடிக்கைக் குறிப்பேடு. எந்த ஊர், எப்படிப்பட்டவர்கள், சுருக்கமாக என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. ஹன்சார்டில் வராத மனுக்களையும் அங்கே பிடிக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் என் அட்டவணையைப் போட்டேன்.

1816 மார்ச் 18 வாக்கெடுப்பில் அரசுக்கு 201, எதிர்த்து 238. வரி ஒழிந்தது. 1842-ல் பிரதமர் பீல் திரும்பக் கொண்டுவரும் வரை அது இல்லை. வரிப் பதிவேடுகளை அழித்துவிடவும் சபை ஆணையிட்டது. ஆனால் நகல்கள் ஏற்கெனவே கருவூலத்தின் வேறோர் அலுவலகத்துக்குப் போயிருந்ததால் அவை பிழைத்தன.

கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டேன். அட்டவணையில் ஊர், தேதி, மனு கொடுத்தவர்கள், சபையின் ஆணை என்று நான்கு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. ஐந்தாவதாகக் 'கையெழுத்துகள்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அது முழுவதும் காலி. எடுத்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டு அச்சுக்குக் கொடுத்தேன்.