ரிப்போர்ட் வரும்வரை

மார்ச் 3
இன்னும் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட அமெரிக்கப் பாராசூட் வீரர்களைப் பற்றிய ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடர், மறுபடியும் முதல் பாகத்திலிருந்து. அப்பாதான் போடச் சொன்னார்.

மார்ச் 4
முதல் தடவை பார்க்கும்போது யார் யாரென்றே பிடிபடாது. எல்லாருக்கும் ஒரே ஹெல்மெட், ஒரே சேறு. இப்போது கார்னியர் குரல் கேட்டாலே தெரிகிறது. பயிற்சியில் கரஹீ மலைமேல் ஓடுகிறார்களே, அதில் யார் யாருக்குக் கால் போகப்போகிறது என்று நமக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியாது. அதனாலேயே அந்த ஓட்டம் இந்தத் தடவை அடிவயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 5
அக்கா போன். இல்லை என்றேன்.

மார்ச் 7
ஆறாம் பாகம். பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊர், 1944 டிசம்பர். கொட்டும் பனி, சுற்றிலும் ஜெர்மன் படை. பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. காயத்துக்குக் கட்டுப்போடும் யூஜீன் ரோ வீரர்களின் பதுங்குகுழி ஒவ்வொன்றாகப் போய் மார்ஃபின் இருக்கா, கத்தரிக்கோல் இருக்கா என்று கேட்கிறார். கதையே அதுதான். பத்துப் பாகத்தில் எனக்கு இதுதான் உசத்தி. வெடிச்சத்தம் இரண்டாம் தடவை பழகிவிடுகிறது. கட்டுத்துணி தீர்ந்துவிடுமோ என்ற பதைப்பு பழகுவதே இல்லை. கடைசியில் நர்ஸ் ரெனேயின் நீலத் துணியைக் கிழிக்கும் முன் ரோவின் கை ஒரு கணம் தயங்குகிறது. ரெனே லெமேர் நிஜமாகவே வாழ்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குண்டுவீச்சில் இறந்துபோனார்.

“உறைஞ்ச மண்ணுல குழி வெட்டறது லேசு இல்லம்மா” என்றார் அப்பா. நீங்க எங்கப்பா வெட்டினீங்க என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார்.

மார்ச் 8
தூக்கம் இல்லை.

மார்ச் 9
காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் மெதுவாக நடந்தோம். எம்.இ.ஜி. என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் மதில் வந்ததும் அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

இந்தத் தொடரில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. மூன்றாம் பாக முடிவில், பிளைத் என்ற வீரர் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்தார் என்று எழுத்து வரும். தப்பு. அவர் தேறி, பட்டாளத்திலேயே தொடர்ந்து, 1967 வரை இருந்தார். ஒரு மனுஷனின் பத்தொன்பது வருஷம்! அதை எப்படி விடலாம்? அப்பாவிடம் சொன்னேன். “பொழச்சிட்டானா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டின்போதும் அதையே கேட்டார்.

மார்ச் 10
பாகத் தொடக்கத்தில் பேசும் முதியவர்களின், அதாவது நிஜ வீரர்களின், பெயரைக் கடைசிப் பாகத்தில்தான் போடுகிறார்கள். அதுவரை இவர் யாராக இருக்கும் என்று தேடிக்கொண்டே பார்க்க வேண்டும். கம்பெனி கமாண்டர் வின்டர்ஸை அப்பா கண்ணை வைத்தே சொல்லிவிட்டார்.

போன் வந்தது. நாளை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். இன்னும் இரண்டு பாகம் பாக்கி. இன்றைக்கே போடு என்கிறார்.