புரூமிஸ்டெகாவின் உடைந்த விலா: மூன்றாவது வாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் மூன்று வாரமாகக் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறேன். செய்வது புரூமிஸ்டெகா, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரில் வாழ்ந்த இருவாழ்வி. ராபர்ட் புரூம் என்ற தொல்லுயிர் ஆய்வாளரின் நினைவாக வைத்த பெயர்.

எங்கள் டர்பனிலிருந்து காரில் போய்வரக்கூடிய ஒலிவியர்ஸ்ஹூக் கணவாயில் 1975இல் ஜேம்ஸ் கிச்சிங் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் ஒரு கல்லை எடுத்தார். ஒரு விலங்கு தோண்டிய வளை, வெள்ளத்தில் அடைபட்டு இறுகிக் கல்லானது அது. பிரான்சின் கிரெனோபிளில் அதை உடைக்காமலே சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் வலுவான எக்ஸ் கதிரில் படம் பிடித்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. உள்ளே பாலூட்டிகளின் பழைய உறவான திரைனாக்ஸோடன். அதோடு ஒட்டிக்கொண்டு புரூமிஸ்டெகா! விலா எலும்புகள் வரிசையாக உடைந்து, பிறகு கூடத் தொடங்கியிருந்தன. அடிபட்டு ஒதுங்க வந்திருக்க வேண்டும். வளைக்காரர் ஏன் விரட்டவில்லை? கோடை உறக்கத்தில் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காட்சிக்காகத்தான் இவ்வளவு பாடு.

முதல் பொம்மை வீணாய்ப் போனது. கம்பி எலும்புக்கூட்டின் மேல் தானாகக் காயும் களிமண்ணைத் தடியாக அப்பினேன். காயக் காய மண் சுருங்கியது, கம்பி சுருங்குமா? முதுகு நெடுக வெடிப்பு. இரண்டாவது முறை அலுமினியத் தாளைக் கசக்கி உடலாக்கி, மண்ணை மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. டர்பன் கோடையின் ஈரக்காற்றில் ஒரு பூச்சுக்கு இரண்டு நாள் பிடித்தது. பரவாயில்லை, நின்றது.

தலையை அழுத்தித் தட்டையாக்கி, கண்களை மேலே பார்க்க வைத்தேன். முன்கால்களுக்கு ஐந்தைந்து விரல் வைத்துவிட்டு, பெருமையாக ஆயாவிடம் காட்டினேன்.

"உடும்பாடா?" என்றார்.

கோபமாக வந்து படத்தைத் திரும்பப் பார்த்தால், இந்த வகைக்கு முன்கையில் நான்கு விரல்தான். பிளேடால் ஒவ்வொன்றை வெட்டி எடுத்தேன். ஆயாவிடம் சொல்லவில்லை.

விலாவில்தான் நிறைய நேரம் போனது. உடைந்ததைத் தோலுக்கு மேல் எப்படிக் காட்டுவது? முதலில் குழியாக அமுக்கினேன், யாரோ மிதித்த மாதிரி இருந்தது. அதை நிரப்பி, கரண்டிக் காம்பால் லேசாக ஒரு மேடுபள்ளம் மட்டும் விட்டேன். தெரிந்தவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம் திரைனாக்ஸோடன். உடல் முடிந்தது, முடி வைப்பதா வேண்டாமா என்பதில் நிற்கிறேன். சுருண்டு படுத்திருப்பதால் பாதி முதுகு வளைச் சுவருக்குள் மறைந்துவிடும், மீதிப் பாதிக்குப் பழைய பல் பிரஷ்ஷால் கீறிப் பார்க்கப் போகிறேன்.