கேவிட்டி மேக்னானிக்ஸ் வைவா: எங்கிருந்து தொடங்குவது?

முனைவர் பட்டத் தகுதித் தேர்வில் என் தலைப்பு, மேக்னானும் (காந்தப் பொருளில் ஸ்பின்கள் கூட்டாக ஆடும் அலையின் குவாண்டம்) கேவிட்டி என்ற உலோகப் பெட்டிக்குள் அடைபட்ட மைக்ரோவேவ் ஃபோட்டானும் ஒன்றோடொன்று பிணைவது. முதல் இரண்டு வாரம், ஸ்பின்களை மேக்னான்களாக மாற்றி எழுதும் ஹோல்ஸ்டைன்–பிரிமகாஃப் உருமாற்றத்திலேயே போய்விட்டது. ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் வந்தது, ஆனால் மாதிரி வைவாவில் சீனியர் அக்கா ஒருவர் "கேவிட்டிக்குள்ள என்னதான் நடக்குது, சொல்லு" என்று கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு ஊசல்களில் தொடங்குங்கள். ஒன்று கேவிட்டியின் மைக்ரோவேவ் புலம், மற்றொன்று கேவிட்டிக்குள் வைத்த யிக் (YIG, இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் பொருள்) உருண்டையின் காந்தமாக்கம். வெளிக் காந்தப்புலத்தை மாற்றினால் மேக்னான் அதிர்வெண் நகரும், டெஸ்லாவுக்குச் சுமார் 28 கிகாஹெர்ட்ஸ். 10 கிகாஹெர்ட்ஸ் கேவிட்டி என்றால் 0.36 டெஸ்லா அருகில் இரண்டின் அதிர்வெண் கோடுகளும் வெட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் வெட்டாமல் விலகிப் போகும். அந்த இடைவெளி 2ஜி, இங்கே ஜி என்பது பிணைப்பு வலிமை. இரண்டுக்கிரண்டு அணியை எழுதி, ஐகன் மதிப்பைக் கையால் கண்டுபிடித்து, படத்தையும் கையாலேயே வரையுங்கள், மென்பொருள் வேண்டாம்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரே ஒரு ஸ்பின்னுக்கு ஜி வெறும் 0.04 ஹெர்ட்ஸ் அளவுதான், எந்த இழப்பிலும் காணாமல் போய்விடும். ஆனால் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 10-இன் 18ஆம் அடுக்கைத் தாண்டி ஸ்பின்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே கட்டத்தில் ஆடுவதால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 100 கோடியால், பெருக்க வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வந்துவிடும்! இந்தக் கணக்கைப் பலகையில் தடுமாறாமல் போட்டுக் காட்டினால் பாதி வைவா முடிந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. கப்பா (கேவிட்டியுடையது), காமா (மேக்னானுடையது) என்ற இழப்பு வீதங்களைச் சில கட்டுரைகள் ஒத்ததிர்வுக் கோட்டின் முழு அகலமாகவும் சில பாதி அகலமாகவும் எடுக்கின்றன. பிணைப்பை இழப்புகளோடு ஒப்பிடும் கூட்டுறவு எண் (cooperativity) ஒன்றில் 4ஜி² வகுத்தல் கப்பா காமா, இன்னொன்றில் வெறும் ஜி² வகுத்தல் கப்பா காமா. எது உங்களுடையது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், நான் இரண்டையும் கலந்து நான்கு மடங்கு தவறான விடையைச் சொல்லித் திருத்தப்பட்டேன்.

"இது குவாண்டமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதீர்கள். கோடுகள் விலகுவதை மட்டும் பார்த்தால் அந்த இரண்டு ஊசல்களே போதும், செவ்வியல் விளக்கம்தான். அறை வெப்பநிலையில் 10 கிகாஹெர்ட்ஸ் முறையில் வெப்ப ஃபோட்டான்களே 600க்கு மேல் இருக்கும், அதிலும் வலுப் பிணைப்பு, அதாவது ஜி இழப்புகளைவிடப் பெரிதாக இருப்பது, தெரிகிறது. ஒற்றை மேக்னானைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மில்லிகெல்வினுக்குப் போய், நேர்கோட்டுத்தன்மை இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும், 2015-இல் தபுச்சி, நாகமுரா குழுவினர் மீக்கடத்தி க்யூபிட்டை (இரண்டு நிலைகளோடு இயங்கும் குவாண்டம் சுற்றை) கேவிட்டி வழியாக மேக்னானோடு பிணைத்தது அப்படித்தான்.