பெரியம்மா வீட்டு அலாரமும் யானை வெடியும்

வன்னியில் கள்ளன் வந்தால் ரீவியைத் திரும்பியும் பார்க்கமாட்டான். நேரே கிணற்றடிக்குப் போய் தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பெரியம்மாவின் மகன், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணைக்குத்தான் மறந்துபோய்விட்டது. போன முறை லீவில் வந்தபோது முன் கதவு, பின் கதவு, யன்னல்கள், ஹோல் என்று வீடு முழுக்க வயர் இல்லாத சென்சர்களைப் பூட்டி, சைரனையும் மாட்டி, பெரியம்மாவின் கையில் ஒரு றிமோட்டைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மோட்டர் கொட்டிலுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் என் தலையில். நான் மாங்குளத்தில் போன் திருத்துகிறவன். ஆகவே பற்றரி போடுகிற எந்தச் சாமானும் என் பொறுப்பு என்று குடும்பத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது.

பெரியம்மாவின் வீடு ஒட்டுசுட்டான் வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு, அதற்குப் பின்னால் அண்ணையின் காசில் நீட்டிய ஓர் அறையும் குசினியும். சென்சர்கள் பேசுவது 433 மெகாஹெர்ட்ஸ் அலையில். இந்த அளவு வீட்டில் இரண்டு கல் சுவரைத் தாண்டுவது அதற்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் முறைப்பாடு இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்தது. பகலில் சும்மா சும்மா கத்துகிறது என்று பெரியம்மா. இரவு ஒன்பதரையானால் எல்லாம் ஓஃப்லைன் என்று அண்ணை. இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே நடுப்பகல். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரம் பார்த்து அவருக்கு இந்தச் செய்தி போகும். அந்தக் கோபத்தோடு எனக்குப் போன் வரும்.

"டேய் தம்பி, எல்லாச் சென்சருக்கும் பற்றரியை மாத்து."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பற்றரிதான் காரணம். மல்ட்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். மூன்று வோல்ட் பொத்தான் பற்றரிகள் பெரும்பாலும் சுகமாகத்தான் இருந்தன. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. சும்மா கிடக்கும்போது சரியான வோல்ட்டைக் காட்டும் பழைய பற்றரி, சென்சர் சிக்னல் அனுப்புகிற அந்தக் கணத்தில் படுத்துவிடும். அதனால் சந்தேகமானவற்றை மாற்றினேன். மூடியைத் திறக்கிறபோதே சைரன் கத்தும் என்பதைப் பெரியம்மாவிடம் முதலே சொல்லி, பரிசோதனை முறையில் போட்டுவிட்டுத்தான் திறந்தேன். யாரும் கழற்றினால் காட்டிக்கொடுக்கவென்று உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது.

பகல் கத்தலுக்கு மூலம் ஹோல் சென்சர். அது மனிதரைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. தனக்கு முன்னால் சூடான ஒன்று அசைந்தால் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். பின்னேரத்தில் மேற்கு யன்னலால் வெயில் வந்து யன்னல் சீலையில் விழுகிறது. சோளகக் காற்று அடிக்கிற காலம். சூடேறிய சீலை ஆடுகிறது. சென்சருக்கு அது ஆள்.

சரி, ஆளைப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பெரியம்மாவை ஹோலில் நடக்கச் சொன்னேன். பின்னேர வெக்கையில் ஹோலே கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருந்தது. பெரியம்மா சென்சரைப் பார்த்தபடி நேரே நடந்து வந்தார். சிவப்பு லைட் மினுங்கவில்லை. திரும்பிப் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை வீசி வந்தார். அப்போதும் இல்லை. யன்னல் சீலை ஒரு முறை அசைந்தது. உடனே மினுங்கியது.

"மோனை, உது என்னை ஒரு ஆளாவே மதிக்குதில்லை. சீலைக்குக் கத்துது!"

சுற்றுச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது, நேரே வருகிறவரைவிடக் குறுக்கே போகிறவரைத்தான் நன்றாகப் பிடிக்கும் என்றெல்லாம் விளக்கினேன். "அப்ப கள்ளனைக் குறுக்கால நடக்கச் சொல்லோணும்" என்றார். யன்னலைப் பார்க்காதபடி சென்சரைத் திருப்பிவிட்டேன். குறுக்கே நடந்த பெரியம்மாவுக்கு இப்போது லைட் மினுங்கியது. வலப்பக்கமும் இடப்பக்கமும் நடந்து பார்த்து, திருப்தியோடு தேத்தண்ணி போடப் போனார்.

பின் கதவு சின்ன வேலை. மாரியில் ஊதுகிற பலகை கோடையில் சுருங்கும். சட்டத்தில் சென்சர், கதவில் காந்தம். இரண்டுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேல் விலகினாலே கதவு திறந்ததாக நினைக்கும் சாதி இது. பழைய பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு வெட்டிக் காந்தத்துக்குப் பின்னால் கொடுத்து முன்னுக்குத் தள்ளி ஒட்டினேன். முடிந்தது.

ஒன்பதரை விவகாரம்தான் பிடிபடவில்லை. ஒரு சென்சர் மட்டும் காணாமல் போனால் அந்தச் சென்சரில் பிழை. எல்லாம் ஒரே நிமிடத்தில் போனால் சென்சர்களை நோண்டிப் பயனில்லை, அவை பேசுகிற தாய்ப் பெட்டியைத்தான் பார்க்கவேண்டும். அந்தப் பெட்டி ஹோல் மேசையில் ரீவிக்குப் பக்கத்தில் நல்லபிள்ளையாக இருந்தது. கரண்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

நாடகம் முடிந்தது. பெரியம்மா ரீவியை நிறுத்தினார். அப்புறம் போய் பெட்டியின் பிளக்கைக் கழற்றினார். ஒரு துவாயால் சுற்றினார். அறைக்குள் கொண்டுபோய் இரும்பு அலுமாரியைத் திறந்து, நகைப் பெட்டிக்கும் காணிப் பெமிட்டுக்கும் நடுவில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகினார்.

"என்ன பெரியம்மா செய்யிறியள்?"

"இவ்வளவு விலை குடுத்து வாங்கின சாமான். மேசையில விட்டா கள்ளன் கொண்டு போகமாட்டானோ?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நாலு பக்கமும் இரும்பு. அதற்குள் வைஃபையும் வராது, சென்சரின் சத்தமும் கேட்காது. கரண்ட் போனாலும் சமாளிக்கவென்று பெட்டிக்குள் இருக்கும் பற்றரியில், அது இரவு முழுக்க ஒருவர் பேச்சும் கேட்காமல் உள்ளே விழித்துக் கிடந்திருக்கிறது. இடைக்கிடை 'பீப்' என்று சத்தமும் வருமாம். கரண்ட் இல்லை என்று அது அழுகிற அழுகை. "நான் முழிச்சிருக்கிறன் எண்டு சொல்லுது" என்பது பெரியம்மாவின் விளக்கம்.

பெட்டியை எங்கே வைப்பது என்று பெரிய பேச்சுவார்த்தை. கடைசியில் சாமித்தட்டில் முறிகண்டிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் என்று முடிவானது. எனக்கும் நல்லது: உயரமான இடம், பலகையும் கண்ணாடியும் அலையை மறிக்காது, சாமிக்கு எரிகிற கலர் பல்புக்கு அங்கேயே பிளக்கும் இருக்கிறது. பெரியம்மாவுக்கும் நல்லது: "பிள்ளையாருக்குப் பின்னால ஆர் கை வைப்பான்?"

அன்றிரவுதான் அலாரம் முதல்முறையாக உண்மையாகவே இரவுக் காவலில் நின்றது. நடுச்சாமம் தாண்டிச் சைரன் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் சத்தம் கேட்டால் யாரும் கள்ளனை நினைப்பதில்லை. பக்கத்து வளவு அண்ணை யானையை விரட்டவென்று வனசீவராசிகள் திணைக்களம் கொடுத்த யானை வெடியைக் கொளுத்தி வயல் பக்கம் எறிந்தார். அதைக் கேட்டு அடுத்த வளவிலும் ஒன்று. நாய்கள் எல்லாம் குளக்கட்டுப் பக்கம் ஓடின. டோர்ச்சுகளோடு படலையில் கூட்டம்.

"எந்தப் பக்கம் போனது? தனியனோ, கூட்டமோ?"

நான் சைரனை நிறுத்திவிட்டு, இது யானை இல்லை, அலாரம் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்? வாழைக்குள் லைட் அடித்து அடித்துப் பார்த்தார்கள். பெரியம்மா கடைசியாக வெளியே வந்து நிலைமையைப் பார்த்தார். மகன் பூட்டிய சாமான் பொய் சொன்னதாக ஊருக்குள் பேச்சு வரக்கூடாது. "ஆர் கண்டது, வந்தும் இருக்கும்" என்றார். அதோடு யானை வந்தது உறுதியாகிவிட்டது.

போனில் பதிவைப் பார்த்தால், ஹோல் சென்சர். போய் நிமிர்ந்து பார்த்தேன். சென்சரின் முகத்தில் ஒரு பல்லி. பக்கத்தில் இரவு முழுக்க எரியும் டியூப் லைட், அதற்கு வரும் பூச்சி, பூச்சிக்கு வந்த பல்லி. தூரத்தில் ஓடினால் சென்சர் அதைக் கணக்கெடுக்காது. லென்ஸ் மேலேயே ஏறி நடந்தால் பார்வையில் பாதியை மறைத்து, பெரிய ஒன்று அசைந்ததாகக் காட்டிவிடும். விளக்குமாற்றை எடுத்தேன். பெரியம்மா மறித்துவிட்டார்.

"அது வீட்டுப் பல்லி. நல்லது கெட்டது சொல்லுறது. நீ உதைக் கழட்டு."

பல்லி இருந்த இடத்திலேயே இருந்தது. சென்சர்தான் வெளிச்சம் இல்லாத எதிர் மூலைக்கு, ஏழடி உயரத்துக்கு, இடம்பெயர்ந்தது. எறும்பு உள்ளே குடியேறாமல் பின்னால் இருந்த ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தேன்.

அறை யன்னலுக்கு ஏற்கெனவே கம்பி அடித்திருக்கிறது. அங்கிருந்த சென்சரைக் கழற்றி மோட்டர் கொட்டில் கதவுக்குப் போட்டேன். தகரக் கொட்டிலுக்குள் வைத்தபோது சிக்னல் வரவில்லை. வெளியே மரக் கப்பில், தாவாரத்துக்குக் கீழே வைத்ததும் பிள்ளையாருக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது. அண்ணை யன்னல் சென்சரைக் காணவில்லை என்று கொஞ்சம் குதித்தார். மோட்டரின் இன்றைய விலையைச் சொன்னதும் அடங்கிவிட்டார்.

சில நாள் அமைதி. நேற்று இரவு ஒன்பதரைக்குத் திரும்பவும் போன். "டேய் தம்பி, எல்லாம் ஓஃப்லைன்." பெரியம்மாவுக்கு எடுத்து, பெட்டியை அலுமாரிக்குள் வைத்தீர்களா என்று கேட்டேன்.

"சீ, அதைத் தொடயில்லை மோனை. அது பிள்ளையாரோட இருக்கு."

"அப்ப ரவுட்டர்?"

"அதுக்கு மாதம் மாதம் காசெல்லோ கட்டுறம்? அலுமாரியில இடம் சும்மாதானே கிடந்தது."